நாடகத்தில் ஒரு மரம்

அந்த வருடம் கேழ்வரகை டிசம்பர் 4-ந் தேதி, வெள்ளிக்கிழமையன்று விதைத்தோம். மும்பைக் கத்தோலிக்க வீடுகளில் இது ஒரு வழக்கம். கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு தட்டில் மண் பரப்பி, நாச்னியைத் தூவி, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். நாச்னி நம் கேழ்வரகுதான். பண்டிகைக்குள் பசேலென்று முளைத்துவிடும். குடிலில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் முன்னால் வைக்கிற புல் அது. எங்கள் மூன்றாம் வகுப்பில் ஆறு தட்டுகள், தட்டுக்கு ஒரு பொறுப்பாளர். திங்கட்கிழமை வந்து பாருங்கள், முளை எட்டிப் பார்த்திருக்கும் என்று சொல்லிக் குழந்தைகளை அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அயோத்தியில் பாப்ரி மசூதி இடிக்கப்பட்டது.

1992-ல் நான் சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. வீடு செம்பூரில். நான் கிறிஸ்தவள் அல்ல. பூஜையறையில் விளக்கேற்றிவிட்டு, பஸ் பிடித்து, சிலுவை மாட்டிய வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதில் எனக்கு ஒருநாளும் முரண்பாடு தெரிந்ததில்லை. குழந்தைகளில் பாதிக்கு மேல் தாராவியிலிருந்து வந்தார்கள். கும்பார்வாடாவில் பானை செய்யும் குஜராத்திகள், கோலிவாடா மீனவர்கள், தோல் பதனிடும் தொழிலைத் தேடி எப்போதோ திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்களின் பேரப் பிள்ளைகள். அவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. தாராவியின் படீ மசூதி 1887-ஐச் சேர்ந்தது. பழைய கணேசர் கோயில் 1913-ல் வந்தது. அங்கே யாரும் நேற்று வந்தவர்கள் அல்ல.

பள்ளியில் ஒரு மணி மட்டும் எனக்குப் பிடிக்காது. அது அடித்ததும் கத்தோலிக்கக் குழந்தைகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஞானோபதேச வகுப்புக்குப் போவார்கள். மிச்சமிருப்பவர்களுக்கு நான் 'மாரல் சயன்ஸ்' எடுப்பேன். இதில் யாருடைய தவறும் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தக் குழந்தைக்கும் மத போதனை கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. நல்ல விதி. ஆனால் பெஞ்சில் நடுநடுவே இடம் காலியாகும்போது எட்டு வயதுக் குழந்தைகள் யார் எழுந்தார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள். நவம்பர் பாதியில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை ஆரம்பித்துவிட்டால் அந்தப் பார்வை நின்றுவிடும். ஒத்திகைக்கு மட்டும் யாரும் எழுந்து வெளியே போவதில்லை.

ஒத்திகை பெரும் ரகளையாக இருக்கும். வசனம் ஆங்கிலத்தில், திட்டுவது இந்தியில், அழுதால் சமாதானம் அவரவர் பாஷையில். சூசையப்பராக நடித்த பையனின் அப்பா கும்பார்வாடாவில் சக்கரம் சுற்றுபவர். குடிலுக்கென்று அவர் களிமண்ணில் நான்கு ஆடுகள் செய்து அனுப்பினார். கழுத்து நீண்டு, நான்கும் குதிரை போலவே இருந்தன. தலைமை ஆசிரியை மங்களூர்க்காரக் கன்னியாஸ்திரி. ஆடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெத்லகேமில் யாராவது குதிரையும் வைத்திருப்பார்கள்" என்று குடிலில் வைத்துவிட்டார். முதல் குடிலை 1223-ல் இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில் அமைத்தவர் புனித பிரான்சிஸ். அதில் நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினாராம். எங்களுக்கு மாடு அட்டையில், பனி பஞ்சில்.

மேரி வேஷத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒரு தமிழ் முஸ்லிம் சிறுமியை. காரணம் மத நல்லிணக்கமெல்லாம் இல்லை. மேரிக்கு வசனம் குறைவு. இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் இருபது நிமிடம் அசையாமல் இருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அப்பா தாராவியில் தோல் பை தைப்பவர். அம்மா ஒத்திகையின் முதல் வாரமே நீலத் துப்பட்டா வாங்கி, ஓரத்தில் வெள்ளிச் சரிகை தைத்து வைத்துவிட்டதாக அந்தப் பெண் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்.

டிசம்பர் 6-க்குப் பிறகு தாராவியில் நடந்தவை பின்னால் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் அறிக்கையில் பதிவாயின. மசூதி இடிந்த அன்றே வெற்றி முழக்கத்தோடு அங்கே ஒரு சைக்கிள் ஊர்வலம் போனதிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. செம்பூரில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வதந்தி, ஊரடங்கு, சயான் பக்கமிருந்து வந்த புகை. பால் வாங்கக் கீழே இறங்கவே பயந்தோம். என் வகுப்புக் குழந்தைகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது உண்மை. இரண்டு நாள் கழித்து நினைப்பதை நிறுத்திக்கொண்டதும் உண்மை.

பள்ளி திறந்தபோது கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாட்களே இருந்தன. வகுப்பறையைத் திறந்ததும் கேழ்வரகுதான் முதலில் கண்ணில் பட்டது. காவலாளி மறக்காமல் தண்ணீர் ஊற்றியிருந்தார். ஆனால் ஜன்னல்களைத் திறக்கவில்லை. இருட்டில் முளைத்த பயிர் மஞ்சளாக, நூல் மாதிரி நீண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தது.

நாடகத்தை விட்டுவிடலாம் என்று ஆசிரியைகள் சிலர் சொன்னோம். தலைமை ஆசிரியை கேட்கவில்லை. வந்த குழந்தைகளை வைத்து 23-ந் தேதி நடத்துங்கள் என்றார். அந்தப் பெண் வரவில்லை. ஆட்டிடையர்களில் ஒருவனும் வரவில்லை. அவன் குடும்பம் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாலையில் ஒரு பையனின் தாய் கேட் அருகே என்னை நிறுத்தினார். "டீச்சர், மேரி வேஷம் அதே பொண்ணுக்குத்தானா? இந்த நேரத்துல எதுக்கு வம்பு?" நல்ல பெண்மணி. எனக்கு உடம்பு சரியில்லாதபோது வீட்டுக்கு ரசம் கொடுத்தனுப்பியவர். நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை வேறொரு சிறுமியை மேரியாக்கினேன். வராத குழந்தைக்காக எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி ஒத்திகையன்று அவள் அம்மாவோடு வந்து நின்றாள். இத்தனை நாளும் மும்ப்ராவில் உறவினர் வீட்டில் இருந்தார்களாம். அம்மாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "புள்ள ஒரே அழுகை டீச்சர், நாடகம் போயிருமேன்னு. அவங்க வாப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். பையிலிருந்து நீலத் துப்பட்டா பாதி வெளியே வந்திருந்தது.

வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன், நீங்கள் வரமாட்டீர்கள் என்று நினைத்தேன் என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேடையில் நின்ற குழந்தைகளைப் பார்த்தார். ஆட்டிடையர்கள் வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஊருக்குப் போனவனின் இடம். அவன் வந்துவிடுவான் என்று யாரையும் போடாமல் வைத்திருந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. துப்பட்டாவை உள்ளே தள்ளி, பையின் வாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

தலைமை ஆசிரியை எப்போது வந்தார் என்று கவனிக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து, "உனக்கு என்னவாக இருக்க வேண்டும்? நீ சொல்" என்று கேட்டார். சம்மனசுக்கு இறக்கைகள் மீதி இருந்தன. நட்சத்திரத்தைத் தூக்கிப் பிடிக்கவும் ஆள் தேவைப்பட்டது. அந்தப் பெண் குடிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மரம்" என்றாள். வகுப்பே சிரித்தது. பள்ளி நாடகங்களில் மரம் யாருக்குக் கிடைக்கும் என்பது குழந்தைகளுக்குத் தெரியும்.

"என்ன மரம்?"

"பேரீச்ச மரம், சிஸ்டர். அதுக்குக் கீழதான் மர்யம் பீவிக்குக் குழந்தை பொறந்துச்சு. பாட்டி சொல்லுவாங்க. இங்க மரமே வைக்கலியே."

குர்ஆனின் 19-வது அத்தியாயத்துக்கு மர்யம் என்றே பெயர். பிரசவ வலியோடு தனியே வந்த மர்யம் பேரீச்ச மரத்தடியில் சாய்கிறார். மரத்தை உலுக்கினால் கனிந்த பழங்கள் விழும் என்று ஆறுதல் குரல் கேட்கிறது. அங்கே தொழுவம் இல்லை, சூசையப்பரும் இல்லை. இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரியாது. கன்னியாஸ்திரிக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் கேட்கவும் இல்லை. அவர் பச்சைக் காகிதம் எங்கே என்று மட்டும் கேட்டார்.

23-ந் தேதி பெற்றோர் கூட்டம் வழக்கத்தில் பாதிகூட இல்லை. வெட்டிய காகித ஓலைகளை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, புது மேரியின் பின்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி அவள் நின்றாள். புது மேரி மூக்கைச் சொறிந்தாள், அம்மாவைத் தேடினாள், ஒரு முறை கொட்டாவி விட்டாள். மரம் அசையவில்லை. கடைசிப் பாட்டின்போது மட்டும் கைகள் நடுங்கி, ஓலைகள் சலசலத்தன. நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையை இறக்கிக்கொள் என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரியில் இரண்டாவது சுற்று வந்தது. அது முதலாவதைவிட மோசம். இரண்டு மாதங்களிலுமாக 900 பேர் இறந்ததாகக் கமிஷன் கணக்கிட்டது: 575 முஸ்லிம்கள், 275 இந்துக்கள், 45 அடையாளம் தெரியாதவர்கள், 5 பிறர். அறிக்கை 1998-ல் வெளிவந்தபோது இந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிப்ரவரியில் அந்தப் பெண்ணின் மாமா டி.சி. வாங்க வந்தது நினைவில் இருந்தது. அதிலும் மதத்துக்கு ஒரு கட்டம். பள்ளியை விட்டு விலகக் காரணம் என்று இன்னொரு கட்டம். 'சொந்த ஊர் செல்கிறார்' என்று என் கையால் எழுதினேன். அவள் பிறந்தது சயான் ஆஸ்பத்திரியில்.

கலவரத்துக்குப் பிறகு தாராவியில் பாவு கோர்டே, வக்கார் கான் ஆகிய இருவரும் மொஹல்லா கமிட்டிகள் மூலம் செய்த வேலை பலருக்குத் தெரியும். அவர்களைப் பற்றி 2003-ல் 'நாத்தா' என்ற ஆவணப்படமும் வந்தது. நான்கு மதத்துப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் 'நாம் அனைவரும் ஒன்று' என்ற அவர்களுடைய சுவரொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் மரியாதையோடு ஒரு சங்கடமும் எனக்கு வரும். அதில் யார் எந்த மதம் என்பதை உடை சொல்லிவிடுகிறது. என் வகுப்பில் எல்லோரும் ஒரே சீருடைதான் போட்டிருந்தார்கள். ஆனாலும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

காகித ஓலைகளை அவள் மேடையிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். தலைமை ஆசிரியை அவற்றை ஒரு மூங்கில் குச்சியில் கட்டி, குதிரைக் கழுத்து ஆடுகளோடு பெட்டியில் வைத்தார். அடுத்த டிசம்பரில் குடில் அமைக்கும்போது மரத்தை எடுத்துக் கொடுத்தார், நட்டேன். ஓலைகள் கிழிந்தபோது புதிதாக வெட்டி ஒட்டினேன். ஓய்வு பெறும்வரை அது என் வேலையாகவே இருந்தது. புதிதாக வரும் ஆசிரியைகள் யாராவது, மாட்டுத் தொழுவத்தில் பேரீச்ச மரம் எதற்கு என்று கேட்பார்கள்.

பெத்லகேம் பக்கம் பேரீச்சை வளரும்தானே என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.