குட்டி யானையின் விலை

யானை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நம் முன்னோர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே யானை வாங்கியிருப்பார்கள் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. யானை வாங்கியவர்கள் ராஜாக்கள், கோயில்கள், மடங்கள், இரண்டொரு ஜமீன்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் தெருவோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள், பழமொழி சொன்னவர்கள்.

வேடிக்கை பார்த்தவன் தன் வீட்டு வாசலில் ஒரு யானையைக் கட்டுகிற காலமும் வந்தது. அது 2005ஆம் வருஷம் மே மாதம். டாடா கம்பெனியார் 'ஏஸ்' என்று ஒரு சின்னஞ்சிறு லாரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டே சிலிண்டர், ஏறக்குறைய 700 சி.சி. டீசல் எஞ்சின், முக்கால் டன் பாரம் சுமக்கும், விலை இரண்டே கால் லட்சம் ரூபாயை ஒட்டி. வடக்கே அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று பெயர் வைத்தார்கள். நம்மவர்கள் 'குட்டி யானை' என்றார்கள். கம்பெனி வைத்த பெயர் ஆர்.சி. புத்தகத்தில் தங்கிவிட்டது. ஊர் வைத்த பெயர் ஊர் முழுவதும் ஓடிற்று. இன்று வேறு கம்பெனிக்காரர்களின் சிறு லாரியைக்கூடப் பல பேர் குட்டி யானை என்றே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த வண்டியை உருவாக்கும் முன்னால் அந்தக் கம்பெனி அதிகாரிகள் மூன்று சக்கர லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்களைத் தேடிப் போய், உங்களுக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று கேட்டார்களாம். நாலு சக்கர வண்டி இருந்தால் எனக்குக் கிராமத்தில் நல்ல இடத்தில் பெண் கிடைக்கும் என்று ஓர் இளைஞன் சொன்னானாம். கம்பெனியின் மேலதிகாரிகளே இதைப் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது நான் சிரித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"இதுல சிரிக்க என்ன சார் இருக்கு? எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றார்.

அவர் கும்பகோணத்துக்காரர். தாராசுரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறியும் வாழைத்தாரும், பாத்திரக் கடைகளிலிருந்து அண்டா குண்டாவும், முகூர்த்த நாட்களில் சமையல்காரர்களின் சாமான்களும் ஏற்றுகிறவர். கும்பகோணத்துச் சந்துகளில் பெரிய லாரி நுழைந்தால் திரும்பி வராது. குட்டி யானை திரும்பி வரும். நான் வீடு மாறியபோது என்னுடைய புத்தக மூட்டைகளை ஏற்றிவந்ததிலிருந்து எங்கள் சிநேகம்.

2008ல் அவர் வண்டி வாங்கினார். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ரோட்டுக்கு வரும்போது 2,60,000 ரூபாய் ஆயிற்று. அம்மாவின் சங்கிலியும் ஒரு கறவை மாடும் 50,000 ரூபாயாக மாறின. மிச்சத்துக்கு ஃபைனான்ஸ். மாதம் 5,600 ரூபாய் டியூ, நாலு வருஷம். அடுத்த தை மாதம் பெண் பார்க்கப் போனார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டாராம் வருங்கால மாமனார். "சொந்த வண்டி" என்றாராம் இவர். மாமனார் எழுந்து வாசலுக்கு வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் காபி கொண்டுவரச் சொன்னாராம்.

அந்த வண்டிக்கு இப்போது வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. எஞ்சின் இரண்டு முறை பிரித்துக் கட்டியாயிற்று. தரையில் தகரம் ஒட்டுப் போட்டிருக்கிறது. பழைய வண்டிக்கு எஃப்.சி. வாங்குவதென்றால் முன்பைவிடச் செலவும் அதிகம், அலைச்சலும் அதிகம். புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று விசாரிக்கப் போனவர், நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"ஆறரை லட்சம் சொல்றாங்க சார், டீசல் வண்டி. அப்படி என்ன சார் அதுல புதுசா வெச்சிட்டாங்க?"

நியாயமான கேள்வி. விலைவாசி என்றாலே ஏறுவதுதான் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது; அந்தக் காரணங்களில் பல, மறுக்க முடியாத நல்ல காரணங்கள்.

முதலாவது, புகை. நம் தேசத்தில் வண்டிப் புகைக்கு 'பாரத் ஸ்டேஜ்' என்று படிப்படியாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 2020 ஏப்ரல் முதல் தேதியன்று நாலாம் படியிலிருந்து ஐந்தாம் படியை மிதிக்காமலே ஆறாம் படிக்குத் தாவினோம். அந்தத் தேதிக்குப் பிறகு நாலாம் படி வண்டியை விற்கவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. டீசலில் இருந்த கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. எண்ணெய் மட்டும் சுத்தமானால் போதுமா? வண்டியும் மாறவேண்டும். கரியைப் பிடித்து எரிக்கிற வடிகட்டி, பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய புகை அறை, எண்ணெயை அளந்து தெளிக்கிற எலெக்ட்ரானிக் ஏற்பாடு, எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கச் சென்சார்கள். 2023 ஏப்ரலில் இன்னும் ஒரு கண்டிப்பு: வண்டி ரோட்டில் ஓடும்போதே தன் புகையைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய லாரிக்கு இந்தச் செலவு முதுகில் ஒரு மூட்டை. சின்ன வண்டிக்கோ தலைக்கு மேல் ஒரு மலை. ஏனென்றால் வடிகட்டியும் சென்சாரும் வண்டி சிறியது என்பதற்காக அதே அளவுக்கு மலிந்துவிடுவதில்லை. இருபது லட்ச ரூபாய் வண்டியில் கண்ணுக்குத் தெரியாமல் போகிற தொகை, நாலு லட்ச ரூபாய் வண்டியில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஊரார் எல்லாருடைய நெஞ்சும் சுத்தமாவதற்கு, முதல் தவணையைக் கட்டுகிறவர் சந்துக்குள் லோடு அடிக்கிறவர்.

இரண்டாவது, இரும்பு விலை. வருஷம் பிறந்தால் கம்பெனிகளிடமிருந்து ஓர் அறிக்கை வந்துவிடும்: மூலப்பொருள் விலை ஏறிற்று, ஆகையால் வண்டி விலையும் ஏறுகிறது என்று. மூன்றாவது, வரி. 2017 ஜூலையிலிருந்து சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி 18 சதவீதமாகக் குறைத்தார்கள். இதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். ஆனால் எட்டு வருஷம், பிழைப்புக்காக வாங்குகிற சரக்கு வண்டிக்கும் உல்லாசத்துக்காக வாங்குகிற காருக்கும், செஸ் நீங்கலாக, ஒரே 28 சதவீதம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. இப்படிப்பட்ட வண்டியை 'பிக்கப்' என்று பெயரிட்டு வளர்த்த அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். 1925ல் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி வண்டியின் பின்னால் ஒரு சரக்குப் பெட்டியை வைத்து 281 டாலருக்கு விற்றது. குடியானவர்கள் அதை வாங்கினார்கள். இன்று அங்கே பெரிய பிக்கப் ஒன்று சராசரியாக 60,000 டாலருக்கு மேல் விலைபோகிறது. அங்கே காரணம் வேறு. பாரம் சுமந்த வண்டியின் மேல் பணக்காரர்களுக்கு மோகம் பிறந்து, தோல் இருக்கையும் குளிர்சாதனமும் வைத்து அதை வைபவ வாகனமாக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு ஒரு கோழிச் சண்டை. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பியர்கள் வரி போட்டார்கள் என்பதற்காக, ஜனாதிபதி ஜான்சன் காலத்தில், 1964 முதல் வெளிநாட்டுச் சரக்கு வண்டிகளுக்கு 25 சதவீத வரி வந்தது. கோழிச் சண்டை ஓய்ந்தது, வரி ஓயவில்லை. மலிவான அந்நிய வண்டிகள் உள்ளே நுழைய அது இன்றுவரை ஒரு மதில்சுவர். தச்சனும் குடியானவனும் வாங்கிய வண்டி கைக்கு எட்டாமல் போவதற்குக் கடல் தாண்டினாலும் ஏதோ ஒரு காரணம் அகப்பட்டுவிடுகிறது.

இதெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி சார், காரணம் புரியுது. கணக்குப் போட்டுக் கொடுங்க" என்றார்.

ஒரு கதையின் ப்ரூஃப் தாளைத் திருப்பிப்போட்டுக் கணக்கு எழுதினோம். என் கதைகளில் எதுவும் அவ்வளவு கவலையோடு எழுதப்பட்டதில்லை.

2008ல் உள்ளூர் லோடு ஒன்றுக்கு 300 ரூபாய் வாடகை. இப்போது 600. இரண்டு மடங்கு, சந்தோஷம். ஆனால் வண்டி இரண்டரை மடங்கு. அன்றைக்கு 36 ரூபாய் கொடுத்து வாங்கிய லிட்டர் டீசல் இப்போது 90 ரூபாய்க்கு மேல். அதுவும் இரண்டரை மடங்கு. அன்றைக்கு ஸ்டாண்டில் எட்டு வண்டி, நாளைக்கு மூன்று லோடு நிச்சயம். இன்றைக்கு ஸ்டாண்டில் முப்பது வண்டி; முகூர்த்தம் இல்லாத நாளில் இரண்டு லோடு கிடைத்தால் உண்டு. லோடுக்கு 140 ரூபாய் டீசல் போனால் மிச்சம் 460. மாதம் 26 நாள், நாளைக்கு இரண்டு லோடு என்றால் ஏறக்குறைய 24,000. கையிலிருந்து 1,20,000 போட்டு மிச்சம் 5,30,000 கடன் வாங்கினால், நாலு வருஷத்துக்கு மாதம் 14,000 டியூ. டயர், இன்சூரன்ஸ், ரிப்பேர் வகைக்கு 3,500. குடும்பத்துக்கு நிற்பது 6,500.

"மூணாவது லோடுதான் சார் சோறு" என்றார் அவர். "மத்த ரெண்டும் ஃபைனான்ஸுக்கும் பங்க்குக்கும்."

2025 ஜூன் மாதம் அதே கம்பெனி 3,99,000 ரூபாயில் ஒரு பெட்ரோல் குட்டி யானையை வெளியிட்டதை நான் நினைவூட்டினேன். பழைய விலைப் படிக்கட்டில் வாடிக்கைக்காரர்கள் நிற்க முடியவில்லை என்பது கம்பெனிக்கும் தெரிந்திருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்?

"அதையும் பார்த்தேன் சார். நல்ல வண்டிதான். புஸ்தகப்படி அதுவும் 750 கிலோ. ஆனா பாத்திரக் கடைக்காரர் புஸ்தகத்தையா பார்க்கிறார்? ஒரே நடையில எல்லாத்தையும் ஏத்துன்னு சொல்றார். ரெண்டு நடை போனா ரெண்டு வாடகை கொடுக்கணும்ல?"

பழைய வண்டி வாங்கலாம் என்றால், புதியதன் விலை ஏற ஏறப் பழையதன் விலையும் கூடவே ஏறிவிட்டது. அதற்குத் தரும் கடனுக்கு வட்டியோ புதியதைவிட அதிகம். இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது குட்டி யானைக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

வேறொரு வழியும் அவர் முன்னால் இருந்தது. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊரில் ஒரு முதலாளி ஐந்து வண்டி வைத்திருக்கிறார். ஐந்தையும் ஒரே நாளில் வாங்கினார். மொத்தமாக வாங்கியதால் விலையில் தள்ளுபடி, வட்டியிலும் தள்ளுபடி. ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் அவரிடம் போய்விட்டார்கள். மாதச் சம்பளம் 18,000, பேட்டா தனி. டியூ கவலை இல்லை. டயர் வெடித்தால் முதலாளிக்கு. இவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அங்க போனா நிம்மதிதான் சார். ஆனா பையன் ஸ்கூல் ஃபாரத்துல அப்பா தொழில்னு கேட்டா, இதுவரைக்கும் 'சொந்த வண்டி'ன்னுதான் எழுதியிருக்கான்."

விலை ஏற்றத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம், பொருள் கிடைக்காமல் போய்விடுமோ என்றுதான் பயப்படுகிறோம். குட்டி யானை எங்கும் போய்விடாது. நாளைக்கும் தாராசுரத்திலிருந்து கத்தரிக்காய் வரும். கல்யாணத்துக்கு அண்டா வரும். உங்கள் பீரோவும் என் புத்தகங்களும் வீடு மாறும். வண்டிகளின் எண்ணிக்கை கூடினாலும் கூடும். மாறப்போவது ஒன்றுதான். அதை ஓட்டி வருகிறவர் வண்டிக்காரராக இருக்கமாட்டார், டிரைவராக இருப்பார். டிரைவர் வேலை கௌரவக் குறைவானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தாமே விரும்பி டிரைவராவது வேறு. ஏணியின் முதல் படியை யாரோ இரண்டடி உயரத் தூக்கி மாட்டிவிட்டதால் ஆவது வேறு. மாட்டியவரைத் தேடினால் யாரும் அகப்படமாட்டார். சட்டம் நல்லது, காற்று நல்லது, கம்பெனிக்கு நஷ்டத்தில் விற்க முடியாது, வங்கிக்கு வட்டி வேண்டும். எல்லாரும் நியாயஸ்தர்கள்தான். நியாயங்கள் எல்லாம் ஒன்றுகூடி ஒரே மனிதரின் முதுகில் ஏறியிருக்கின்றன.

செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை என்றும் நான் நினைக்கவில்லை. 2015லிருந்து முத்ரா திட்டம் இருக்கிறது. பிழைப்புக்கு வண்டி வாங்கவும் அதில் கடன் உண்டு. ஸ்டாண்டுக்காரர்களில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பலர். வங்கிப் படியேறி வாங்கிவந்தவர்கள் சிலரே. புகை கக்கும் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுச் சுத்தமான வண்டி வாங்க வருகிற ஒற்றை வண்டிக்காரருக்கு, ஐந்து வண்டி முதலாளிக்குக் கிடைக்கிற அதே வட்டியில் கடன் கிடைத்தால் போதும்; பாதி பாரம் இறங்கிவிடும். சுத்தமான காற்றைச் சுவாசிக்கிறவர்கள் எல்லாரும் அந்த வட்டி வித்தியாசத்தைப் பங்குபோட்டுக்கொண்டால், தலைக்கு ஒரு காபி விலைகூட ஆகாது.

நண்பர் இப்போதைக்கு இரண்டு வழியிலும் போகவில்லை. மூன்றாம் முறையாக எஞ்சினைப் பிரித்திருக்கிறார். இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதற்குள் பையன் பிளஸ் டூ முடித்துவிடுவான். அதுவரைக்குமாவது ஃபாரத்தில் வேறு வார்த்தை எழுத வேண்டியதில்லை. அடுத்த முறை நீங்கள் வீடு மாறும்போது, வாசலில் வந்து நிற்கிற குட்டி யானையிடம் வாடகையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லும் முன்னால், இது சொந்த வண்டியா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால், அவர் அதை எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.