நூற்றிருபத்திரண்டு குதிரைகளும் ஒரு பூட்டிய வீடும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் நண்பர் ஒருவர் "வா, எங்க ஊர்க் கோட்டை ஒண்ணு காட்டறேன்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனார். மொசெல் ஆற்றங்கரை ஊர்களைத் தாண்டி, காட்டுக்குள் ஒரு மலை முடுக்கில் இருக்கிறது எல்ட்ஸ் கோட்டை. எட்டு கோபுரங்கள். உயரமானது 35 மீட்டர் இருக்குமாம். 850 வருஷத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் சொத்து. நம்மூரில் தாத்தா வீட்டைப் பேரன்கள் பிரிப்பதற்குள் ரெண்டு வக்கீல் பணக்காரர் ஆகிவிடுவார்கள். இங்கே ஒரே குடும்பத்தின் மூன்று கிளைகள், நடுவில் ஒரு முற்றம், சுற்றி ஆளுக்கொரு வீடு என்று பல நூறு வருஷம் ஒன்றாகவே இருந்திருக்கிறார்கள். 1815-ல்தான் மொத்தமும் ஒரு கிளையின் கைக்கு வந்தது. இன்றைக்கும் ரெண்டு வீடுகளை நம்மைப் போன்றவர்களுக்குத் திறந்து காட்டிவிட்டு, ஒன்றைத் தங்களுக்கென்று வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது நண்பர் கேட்டார். "உங்க ஊர்ல இந்த மாதிரி இருக்கா?"

எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "இருக்கே! ஆனா அதுல பீரங்கி வைக்க இடம் கிடையாது, பாட்டு பாடத்தான் இடம்" என்றேன்.

நான் சொன்னது குதிரமாளிகையை. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலுக்குத் தென்கிழக்கே, கோயிலை ஒட்டியே இருக்கிறது. புத்தன் மாளிகை என்பதுதான் அதன் பெயர், புது மாளிகை என்று அர்த்தம். கூரையைத் தாங்கும் மரத்தாங்கிகளில் வரிசையாக 122 குதிரைகளைச் செதுக்கி வைத்திருப்பதால் ஜனங்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

சாலை பஜாரில் எங்கள் தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட பலசரக்குக் கடை. வீடு கரமனையில். கோட்டைக்குள் பள்ளிக்கூடம். ஆகவே தினமும் அந்த மாளிகையைத் தாண்டித்தான் போவேன். உள்ளே போனதே இல்லை! எங்களுக்கு முக்கியம் பக்கத்தில் இருக்கும் மேத்தன் மணிதான். மணி அடிக்கும்போது அந்தத் தாடிக்கார முகம் வாயைத் திறக்க, ரெண்டு பக்கமும் ஆட்டுக்கிடாக்கள் கன்னத்தில் முட்டும். அதைப் பார்க்க நின்று எத்தனை நாள் வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன் என்பது தனிக்கதை.

உள்ளே போனது வேலைக்குச் சேர்ந்த பிறகு, வெளியூர் நண்பர்களுக்கு ஊரைக் காட்டப் போனபோது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்ததும் ஒரு குளிர்ச்சி. எல்ட்ஸ் கோட்டையில் கல் சுவர் நம்மைப் பார்த்து "யார் நீ" என்று கேட்கும். அது எதிரிக்காகக் கட்டியது. 1331-லிருந்து ஐந்து வருஷப் பகையையும், அதில் ஒரு முற்றுகையையும் பார்த்தது. குதிரமாளிகை மழைக்காகவும் வெயிலுக்காகவும் கட்டியது. சரிந்த ஓட்டுக் கூரை, கருங்கல் தூண் வைத்த நீளமான வராந்தா, தேக்கும் ஈட்டியும், காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் மரச் சட்டங்கள். அண்ணாந்து பார்த்தால் அறைக்கு அறை விதானத்தில் வேறு வேறு வேலைப்பாடு. தந்தச் சிம்மாசனமும் கண்ணாடிச் சிம்மாசனமும் காட்டுவார்கள். எனக்கு மனதில் நின்றது என்னவோ, கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி உட்காரும் அந்த மாடிதான்.

கட்டியவர் சுவாதித் திருநாள். 1813-ல் பிறந்தவர், 16 வயதில் ஆட்சிக்கு வந்தவர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இவர் சபையில் இருந்தார். அவருக்கு ராஜா தந்தத்தில் செய்த வயலின் ஒன்று பரிசளித்தார். மாளிகை 1840-களின் நடுவில் முடிந்தது. 1846 டிசம்பரில், 33 வயதில், ராஜா போய்விட்டார். ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் இருந்தது கொஞ்ச காலம்தான். அதன் பிறகு அது வெகு காலம் பூட்டிக் கிடந்தது.

இதை நண்பரிடம் சொல்லிக்கொண்டே வரும்போது என் குரல் லேசாக மாறியதை அவர் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். காரணம் கரமனை வீடு.

அப்பா கடையில் நின்று நின்று சம்பாதித்து, தாத்தாவின் பழைய வீட்டை இடித்துக் கட்டியது. மாடியில் எனக்கு ஒரு அறை. "நீ திரும்பி வந்தா இருக்கணும்லா" என்பார். நான் வரவில்லை. அவர் அந்த வீட்டில் ஆறு வருஷம் இருந்தார். அம்மா இன்னும் ரெண்டு வருஷம். இப்போது பூட்டு. அக்கா நாகர்கோவிலிலிருந்து மாதம் ஒருமுறை வந்து பெருக்கிவிட்டுப் போகிறாள். அத்தான் நேராகவே சொல்லிவிட்டார், "பூட்டின வீட்டுக்குக் கரையான்தான் குடித்தனம் வரும். வித்துரலாம்டே." அக்காவுக்கு மனசில்லை. எனக்கும் இல்லை. ஆனால் மனசு கதவைத் திறந்து காற்று விடாதே!

குதிரமாளிகையை இன்று காப்பாற்றுவது எது என்று யோசித்தால், உள்ளே வந்து போகும் கால்கள்தான். டிக்கெட் வாங்கி நுழையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜனவரியில் சுவாதி சங்கீத விழா என்று முற்றத்தில் கச்சேரி நடக்கும். கட்டணம் கிடையாது. அந்த ராஜாவின் பாட்டுகளை, அவர் வீட்டு வாசலிலேயே, தரையில் சம்மணம் போட்டு யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் அவர் பாட்டு இருக்கிறது. எல்ட்ஸ்காரர்களும் அதைத்தானே செய்கிறார்கள்? ரெண்டு வீட்டைத் திறந்துவிட்டதால் மூன்றாவதும் நிற்கிறது.

அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே நடுராத்திரி தாண்டியிருந்தது.

"அக்கா, வாடகைக்கு விட்ருவோம். டெக்னோபார்க் பசங்க யாராவது இருப்பாங்க. மாடி அறை மட்டும் நமக்கு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள், "அப்பா காலண்டர் மாட்டக்கூட சுவத்துல ஆணி அடிக்க விட்டதில்லடே. இவனுங்க வந்து டிவி, படம்னு அடிப்பானுங்களே."

"அடிக்கட்டும்க்கா" என்றேன்.