ஆலயக் கிணற்றுக்கு ஒரு மோட்டார்



சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஆராதனைக்கு முன் கை கழுவுவதற்காகக் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் சீறிக்கொண்டு வந்தது. ஆலய வளாகத்து ஆழ்துளைக் கிணற்றில் இருந்த ஐந்து குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார் எரிந்துபோயிருந்தது. மறுநாள் மெக்கானிக் தம்பி வந்து, 220 அடிக் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, மோட்டாரை மேலே தூக்கி வேப்பமரத்தடியில் கிடத்தினார். காயில் கருகிய வாடை வளாகம் முழுவதும் பரவிற்று. "மூணாவது தடவை ஐயா. இனிமே காயில் கட்டுறது வீண். புதுசு வாங்கிருங்க" என்றார்.

நம் சீமையை அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருபுறமும் வானம் பார்த்த பூமி. கரிசல் மண், கருவேலங்காடு, மழை பெய்தால் மட்டும் ஓடும் குண்டாறு, ஐப்பசியில் நிறைந்து மாசியில் வெடித்துக் கிடக்கும் கம்மாய்கள். தாமிரபரணியிலிருந்து குழாய் போட்டுக் குடிநீர் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும் அது வரும் நாளை எதிர்பார்த்துக் குடங்களை வரிசையில் வைத்திருப்பதும் உண்மை. ஆகவே ஆலய வாசலில் சபையார் வைத்த அந்த ஒற்றைக் குழாயில் எல்லாத் தெருவாரும் தண்ணீர் பிடிக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

சபைக் கமிட்டி கூடியது. சென்னையில் தொழில் செய்யும் நம் சபை அண்ணாச்சி ஒருவர், ஏழரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கான முழுத் தொகையையும் தாமே தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கமிட்டியார் முகங்களில் வெளிச்சம் உண்டானது. அதே நாளில் துபாயில் ஓட்டல் நீச்சல் குளங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கும் நம் வாலிபன் ஒருவன் குரல்செய்தி அனுப்பினான். "ஐயா, இங்கே எல்லாம் வேகம் மாற்றுகிற பம்புதான். பழைய பம்பைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் கரண்டு எட்டில் ஒரு பங்குதான் ஆகும். அதையே வாங்குங்கள்" என்பது அதன் சாரம்.

எட்டில் ஒரு பங்கு என்பதை நான் நம்பவில்லை. விசாரித்துப் பார்த்தபோது அவன் சொன்னது பொய் அன்று என்று அறிந்தேன். சுழல்பம்பு ஒன்றின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் நீர் பாதியாகும். நீரை உயர்த்தும் வலிமை நான்கில் ஒன்றாகும். அதற்கு வேண்டிய மின்திறன் எட்டில் ஒன்றாகும். நீர் பாதியாக வருவதால் இருமடங்கு நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். அப்படி ஓட்டினாலும் மொத்தச் செலவு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் நீச்சல் குளப் பம்புகளுக்குக் கடுமையான சிக்கன விதிகள் நடைமுறைக்கு வந்ததற்கும், தரைக்குள் கட்டிய குளங்களின் பம்புகள் பெரும்பாலும் வேகம் மாறுபவையாக ஆனதற்கும் காரணம் இந்தக் கணக்கே.

ஆனால் குளத்தையும் நம் கிணற்றையும் ஒன்றாக எண்ணியதில்தான் அந்தத் தம்பி தவறினான். குளத்து நீர் வடிகட்டிக்குள் போய், சுற்றிக்கொண்டு, புறப்பட்ட மட்டத்திற்கே திரும்பி வந்து விழுகிறது. குழாயின் உராய்வைத் தவிர அந்தப் பம்புக்குப் பகை வேறில்லை. எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும் நீர் நகரும். கிணற்று நீரோ பாதாளத்திலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை ஏற வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே பம்பு சுழன்றுகொண்டே இருக்கும், சொட்டுத் தண்ணீரும் மேலே வராது. யாக்கோபின் கிணற்றண்டையில் நின்ற சமாரியப் பெண் கேட்டது இதைத்தானே! கிணற்றின் ஆழத்தையும், வந்தவர் கையில் மொண்டெடுக்க எதுவும் இல்லாததையும் அவள் சுட்டிக்காட்டினாள். பல பிரசங்கங்களில் அவளை விவரம் புரியாதவளாகச் சித்திரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், நம் கமிட்டியில் ஒருவரும் கேட்காத கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள்.

எனவே அளந்தோம். மெக்கானிக் தம்பி இரண்டு கம்பிகளை ஒரு மீட்டரில் இணைத்துக் கிணற்றுக்குள் இறக்கினார். நுனி நீரைத் தொட்டவுடன் முள் அசைந்தது. நீர்மட்டம் 140 அடி. தையில் அது 70 அடி அளவில் இருந்ததாகப் பழைய குறிப்பேட்டில் எழுதியிருந்தது. பிறகு தம் கடையிலிருந்து ஒரு சிறிய மோட்டாரை இரவலாக இறக்கி, நீர்மட்டம் மேலும் தாழாமல் நிற்கும்வரை வால்வைத் திருகித் திருகிப் பார்த்தார். அந்த நிலையில் ஆயிரம் லிட்டர்த் தொட்டி நிறைய அரை மணி நேரம் ஆனது. மணிக்கு இரண்டாயிரம் லிட்டர். கோடையில் எங்கள் பாறை வெடிப்புகள் கொடுப்பது அவ்வளவே.

இனி நான் சொல்ல வேண்டியதைத் தாமதிக்காமல் சொல்லிவிடுகிறேன். எரிந்துபோன அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவன் நானே. ஏழு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சபைக்குப் புதிதாக வந்தபோது, பக்கத்துச் சபையில் ஐந்து குதிரைத்திறன் இருக்கிறது என்பதற்காகவே ஐந்து என்றேன். கிணற்றை ஒருவரும் அளக்கவில்லை. அந்த மோட்டார் மணிக்குப் பன்னிரண்டாயிரம் லிட்டர் இறைக்க வல்லது. இரண்டாயிரம் ஊறும் கிணற்றில் அது ஓடினால் என்ன ஆகும்? குழாயில் தேங்கியிருக்கும் நீரை மூன்று நான்கு நிமிடங்களில் உறிஞ்சிவிட்டுக் காற்றை வாங்கும். நீர்மூழ்கி மோட்டாரைச் சுற்றி ஓடும் நீரே அதைக் குளிர்விக்கிறது. நீர் இல்லையேல் சூடேறிக் கருகும். மூன்று முறை கருகிற்று. மூன்று முறையும் மின்சாரத்தின் மேல் பழி போட்டேன்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. ஆலயத்துக்குக் கிழக்கே ஒரு பெரியம்மா இருபது செண்டு நிலத்தில் மல்லிகை வைத்திருக்கிறார். விடியுமுன் பறித்து அருப்புக்கோட்டைப் பூக்கடைக்கு அனுப்புவார்; பிழைப்பு அதுதான். அவருடைய வெட்டுக்கிணறு 80 அடி. நாங்கள் ஐந்து குதிரைத்திறனை இறக்கிய இரண்டாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார். "ஐயா, உங்க மோட்டாரு ஓடுறப்ப எங்க கெணத்துல படி தெரியுது. முன்னாடி சித்திரை வரைக்கும் கெடந்த தண்ணி, இப்ப மாசியிலேயே போயிருது" என்றார். பூமிக்கடியில் நடப்பதை யார் அறிவார் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கு முந்தின நாள் நான் பிரசங்கித்த பகுதி ஆதியாகமம் 26. ஈசாக்கின் வேலைக்காரர் வெட்டிய கிணறுகளுக்காக மேய்ப்பர்கள் வாக்குவாதம் செய்ய, அவன் ஏசேக்கையும் சித்னாவையும் விட்டு விலகிப்போய், ரெகொபோத்தில் எல்லாருக்கும் இடம் கிடைத்தது என்று நாற்பது நிமிடம் பேசியிருந்தேன். பெரியம்மா நம் ஆலயத்துக்கு வருகிறவர் அல்லர். அந்தப் பிரசங்கத்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் வேறு விதமாகப் பேசியிருப்பாரோ என்னவோ.

நம் முன்னோர் கமலை கட்டி இறைத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. மாடுகள் சரிவில் இறங்கும், ஏறும். சாலில் சேறு வந்தால் கமலைக்காரர் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு ஊற்றுக்காகக் காத்திருப்பார். வேகத்தைத் தீர்மானித்தது கிணறு. கோயம்புத்தூரிலிருந்து மோட்டார்கள் வந்து நம் காடுகள் விளைந்தன என்பதை மறுக்கவில்லை. அந்த வசதியைக் குறை கூற எனக்கு வாயில்லை. ஆனால் ஸ்விட்சைத் தட்டினால் முழு வேகம், இல்லையேல் நிறுத்தம் என்ற இரண்டே நிலைதான் அவற்றுக்கு. இடைப்பட்ட நடை இப்போதுதான் திரும்பி வருகிறது. 2019-ல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தைப் போன்றவற்றின் வழியாக வயல்களுக்கு வரும் சூரியசக்திப் பம்புகளைக் கவனித்திருப்பீர்கள். காலை வெயிலில் மெல்லிதாக ஒழுகி, உச்சியில் பீறிட்டு, மேகம் மறைத்தால் தளரும். வெயிலுக்கேற்ப வேகத்தை மாற்றும் கருவி அதன் பெட்டிக்குள் இருக்கிறது.

அத்தகைய கருவியோடு கூடிய ஒன்றரைக் குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை வாங்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். நீண்ட மௌனம் நிலவிற்று. ஐந்து இருந்த இடத்தில் ஒன்றரையா என்று ஒரு மூப்பர் கேட்டார். அண்ணாச்சி வருத்தப்படுவாரே என்றார் மற்றொருவர். பழைய மோட்டாரைத் தேர்ந்த கதையையும், பெரியம்மா வந்து நின்ற காலையையும் அப்போதுதான் முதன்முறையாக அவர்களுக்குச் சொன்னேன். அண்ணாச்சிக்கு நானே தொலைபேசியில் பேசினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மிச்சப் பணத்துல வாசல்ல இன்னும் ரெண்டு குழாய் வைங்க ஐயா" என்றார்.

இதே நிலையில் இருக்கும் சபைகளுக்காகச் சில விவரங்கள். கடைக்காரர் குதிரைத்திறனைச் சொன்னால், எத்தனை அடி உயரத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிக் கேளுங்கள். பெயர்த்தகட்டில் ஐஎஸ் 8034 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் வாங்கிய பம்பு முழு வேகத்தில், அதாவது 50 ஹெர்ட்ஸில், 240 அடிக்கு மேல் நீரை உயர்த்தாது. எங்கள் தொட்டி தரைக்கு மேல் 30 அடி. எனவே தையில் 100 அடி, சித்திரையில் 170 அடி ஏற்ற வேண்டும். வேகத்தின் வர்க்கப்படி கணக்கிட்டால், தையில் 32 ஹெர்ட்ஸுக்கும் சித்திரையில் 42 ஹெர்ட்ஸுக்கும் கீழே தண்ணீர் வெளியே வராது. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீர்மூழ்கி மோட்டாரை ஓட்டவே கூடாது என்றார் மெக்கானிக் தம்பி. குளிர்ச்சியும் அடித்தாங்கிகளின் ஆயுளும் கெடுமாம். நீர் வற்றினால் மின்னோட்டம் குறைவதைக் கண்டு தானே நிறுத்திக்கொள்ளும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் நீளமாக இருந்தால் கருவிக்கும் மோட்டாருக்கும் இடையில் ஒரு சோக் வேண்டும். பெட்டியை வெயிலும் பல்லியும் அண்டாத இடத்தில் மாட்டுங்கள். பல்லியைப் பற்றி எந்தக் கையேடும் சொல்லாது.

மின்கட்டணம் எட்டில் ஒன்றாகவில்லை. பாதியாகவும் ஆகவில்லை. தண்ணீரைத் தூக்கும் கூலியைத் தூக்கித்தானே தீர வேண்டும்? துபாய்த் தம்பிக்கு இதை விளக்கி எழுதியிருக்கிறேன். முன்பு மூன்று நிமிடம் ஓடி மூச்சுத் திணறிய இடத்தில், இப்போது நான்கு மணி நேரம் ஒரே சீராக ஒழுகுகிறது. வரிசையில் நிற்பவர்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். அண்ணாச்சி சொன்ன இரண்டு குழாய்களும் வந்தபின், தொட்டியிலிருந்து மூவர் ஒரே நேரத்தில் பிடிக்கிறார்கள்.

மோட்டார் இறக்கிய அன்று மாலை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஐந்து ஆண்டுகள் கழித்து மன்னிப்புக் கேட்பதற்கு எந்த வார்த்தை பொருத்தம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே சென்றேன். அவர் நாரில் மொட்டுத் தொடுத்துக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு, "சின்ன மோட்டாரா ஐயா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப ராத்திரியில ஓட்டுங்க. நான் வெள்ளன அஞ்சு மணிக்குச் செடிக்குத் தண்ணி விடணும். அதுக்குள்ள கொஞ்சம் ஊறிரும்" என்றார்.

இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரை என்று பெட்டியின் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறோம்.