தங்கமீனும் ஒரு பழைய தண்டனையும்



போன வாரம் நான் போட்ட தங்கமீன் படத்தைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர், "சார், எங்க வீட்டு மீனுக்கும் வால் கிழிஞ்சு கிழிஞ்சு போகுது, என்ன செய்யறது?" என்று கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவரிடம் நான் சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

பொங்கலுக்கு வந்த மகன், பேத்திக்காகச் சென்னை கொளத்தூரிலிருந்து இரண்டு தங்கமீன் வாங்கி வந்தான். வண்ணமீன் வளர்ப்பைத் தொழிலாகவே செய்யும் குடும்பங்கள் நிறைய உள்ள இடம் அது. இங்கே களமருதூர் வீட்டுத் திண்ணை ஓரத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தோம். பங்குனி முடிவதற்குள் ஒரு மீனின் வால் ஓரம் பால் சிந்தியது போல வெளுத்தது. பிறகு நைந்த துணி மாதிரி பிரிந்தது. அடியில் சிவப்பு நரம்பு தெரிந்தது. இதுதான் துடுப்பு அழுகல். ஒன்றோடொன்று மோதியோ கல்லில் உரசியோ கிழிந்தால் வெட்டு நேராக இருக்கும், ஓரம் வெளுக்காது. வெளுத்து, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் அழுகல் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் படித்த என் பழைய மாணவி ஒருத்திக்குப் போன் போட்டேன். மருந்துப் பெயர் சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள், "தொட்டியை எப்படி சார் கழுவுறீங்க?" என்று கேட்டாள்.

"சுத்தமாத்தான்மா கழுவுறேன். வாராவாரம் முழுத் தண்ணியையும் இறைச்சு ஊத்திட்டு, பில்டர் பஞ்சையும் குழாயடியில வச்சு நல்லாப் பிழிஞ்சு..."

"அதுதான் சார் நோயே" என்றாள்.

அவள் விளக்கியதை வகுப்பில் சொல்வது போலச் சொல்கிறேன். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளிவிடுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். பில்டர் பஞ்சில் குடியிருக்கும் ஒரு வகை நல்ல பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட் ஆக்கும். புதுத் தொட்டியில் இந்தக் குடித்தனம் உண்டாக ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நான் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து வாராவாரம் அந்தக் குடித்தனத்தைக் காலி செய்திருக்கிறேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், உள்ளே அம்மோனியா ஏறிக்கொண்டிருக்கும். அழுகலை உண்டாக்கும் கிருமிகள் எல்லாத் தண்ணீரிலும் இருப்பவைதான். மீன் வாடும்போதுதான் அவை துடுப்பில் கைவைக்கின்றன.

நம்ம ஊர் வெயிலும் சேர்ந்துகொண்டது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீர்ப் பிராணி. அதனால் தொட்டியை வெயில் படாத இடத்துக்கு மாற்றி, காற்று மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டேன்.

இனி வைத்தியம். நோய்ப்பட்ட மீனை 20 லிட்டர் தண்ணீர் உள்ள தனி டப்பில் விட்டு, காற்றுக் குழாய் போட்டேன். அயோடின் சேராத கல்லுப்பு, லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் 40 கிராம். ஒரேயடியாகக் கொட்டாமல் கரைத்து மூன்று தவணையாக ஊற்றினேன். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன். முதல்நாளே வாளியில் திறந்து வைத்து குளோரின் போன தண்ணீர். உப்பு ஆவியாகாது, ஆகவே மாற்றும் 10 லிட்டருக்கு மட்டும் 20 கிராம் சேர்த்தால் போதும். கணக்கு சரிதானே? பெரிய தொட்டியிலும் தினமும் கால்பங்கு மாற்றினேன்.

நான்கைந்து நாளில் அழுகல் நிற்காவிட்டால் கடையில் கிடைக்கும் மெத்திலீன் புளூவைத் தனி டப்பில் மட்டும் பயன்படுத்தலாம். அளவு புட்டியிலேயே இருக்கும். பெரிய தொட்டியில் ஊற்றினால் பில்டரின் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போடாதீர்கள். அது தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அழுகல் துடுப்பின் அடிவரை போய்விட்டால் மறுபடி வளர்வது கஷ்டம், எனவே ஓரம் வெளுக்கும்போதே கவனியுங்கள்.

வராமல் தடுப்பது இன்னும் எளிது. 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் என்றால் சுமார் 56 லிட்டர். அதில் இரண்டு சின்ன மீனுக்கு மேல் வேண்டாம், அவை வளர்ந்தால் அந்தத் தொட்டியும் போதாது. வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசுங்கள். சோப்பு ஆகவே ஆகாது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவுதான் தீனி.

எங்கள் மீனுக்குப் பத்து நாளில் அழுகல் நின்றது. இப்போது வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுத் துடுப்பு வளர்கிறது. இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் 1999 வரை 43 வருடம் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. நம் வீடுகளில் ஆறு மாதத்தில் செத்தால் "மீனுன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது அந்த விஷயம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஐந்தாம் வகுப்பு மேஜைமேல் ஒரு கண்ணாடிக் குடுவையில் இரண்டு தங்கமீன் வைத்திருந்தேன். இதே மாதிரி வால் நைந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. ஒரு பையன் தினமும் தன் பிஸ்கட்டைப் பொடித்துப் போடுவான். "உன்னாலதான் செத்துச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அன்று முழுக்க அவனை வெளியே நிற்க வைத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் வேப்பமரத்தடியில் குழி தோண்டி இரண்டையும் புதைத்தது அவன்தான்.

பிஸ்கட்டும் கெடுதல்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்று இல்லாத, பில்டர் இல்லாத அந்தச் சின்னக் குடுவையை வைத்தது நான். சனிக்கிழமைதோறும் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றியதும் நான். அவன் பசியாறாமல் மீனுக்குக் கொடுத்தான். நான் காரணம் தேடாமல் ஆளைத் தேடினேன். 'ஏன், எதனால்' என்று கேட்கச் சொல்லி அறிவியல் பாடம் நடத்திய கைதான் அவனை வாசலைக் காட்டியது.

தம்பி, நீ இதைப் படித்தால் உனக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. அன்று தப்பு என்னுடையது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கூடப் படித்தவர்கள் யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இதைக் காட்டுங்கள். ஊர்ப்பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. தொட்டியில் இரண்டு மீனும் நன்றாக நீந்துகின்றன.