பனிக்கரடி ஊரில் முதுகுப்பை

நார்வேயின் பெருநிலத்துக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம். அதன் முக்கிய ஊர் லாங்யியர்பியன். மக்கள்தொகை சுமார் 2,500. ஓஸ்லோவிலிருந்து விமானத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கோடையில் நான்கு மாதங்கள் அங்கே சூரியன் மறைவதே இல்லை.

ஊர் எல்லையில் ஒரு சாலைப் பலகை நிற்கிறது. சிவப்பு விளிம்பிட்ட முக்கோணத்துக்குள் ஒரு வெள்ளைக் கரடி. கீழே, 'ஸ்வால்பார்டு முழுவதற்கும் பொருந்தும்' என்று நார்வே மொழியில் எழுதியிருக்கிறது. குடியிருப்புப் பகதியைத் தாண்டிச் செல்பவர்கள் பனிக்கரடியை விரட்டும் கருவியைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். துப்பாக்கியும் வைத்திருக்குமாறு ஆளுநர் அலுவலகம் பரிந்துரைக்கிறது.

தாமான் நெகாராவில் நடக்கும்போது நமக்கு அட்டைக்கடிதான் பெரிய கவலை. நடைப்பயணத்துக்குத் துப்பாக்கி என்பது நம் ஊர்ச் சட்டத்திலும் இல்லை, நம் நினைப்பிலும் இல்லை. அதனால்தான் ஸ்வால்பார்டு போக நினைக்கும் இளையர்கள் பலரும் குளிராடை, காலணி, கேமரா என்று எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, துப்பாக்கியோடு சேர்த்துச் சுமையை எப்படித் தூக்குவது என்பதை யோசிப்பதில்லை.

வெறும் சம்பிரதாயம் அல்ல

2011 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் மாணவர் குழு ஒன்று அங்கே பனியாற்றின் அருகே கூடாரம் போட்டிருந்தது. பனிக்கரடி தாக்கியதில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். நால்வர் காயமடைந்தனர். 2020 ஆகஸ்ட்டில், லாங்யியர்பியன் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள முகாம் தளத்திலேயே ஓர் ஆடவர் கரடி தாக்கி உயிரிழந்தார். ஊருக்கு அருகில்தானே இருக்கிறோம் என்ற எண்ணம் அங்கே உதவாது.

நான்கு கிலோ எங்கே போகும்?

அங்கே பலர் பயன்படுத்தும் ரைஃபிள்களில் ஒன்று பழைய மவுசர் 98. எடை ஏறக்குறைய 4 கிலோ, நீளம் ஒரு மீட்டருக்கு மேல். அதை எங்கே மாட்டுவது?

முதுகுப்பையின் தோள்வாருக்கு மேல் துப்பாக்கியின் வாரை மாட்டினால், அடிக்கு ஒரு தரம் அது வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு தோளை உயர்த்தியே நடப்பீர்கள். சில மணி நேரத்தில் கழுத்து இறுகிவிடும். பொறுக்க முடியாமல் ரைஃபிளைப் பையின் பின்னால் வைத்துக் கட்டிவிடத் தோன்றும். ஆபத்து தொடங்குவது அங்கேதான். முதுகுக்குப் பின்னால் மூன்று முடிச்சுப் போட்ட துப்பாக்கி வெறும் நான்கு கிலோ இரும்பு. கரடி வரும்போது அதனால் பயனில்லை. அங்கே சுமை உறுத்தாமல் இருப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இடுப்பு தூக்கட்டும்

பை வாங்கும்போது உங்கள் உயரத்தைப் பார்க்காதீர்கள், முதுகின் நீளத்தைப் பாருங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். உயரமானவருக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம். இடுப்புப் பட்டை அந்த எலும்பின் மேல்விளிம்பை அணைத்து உட்கார வேண்டும். எடையின் பெரும்பகுதியை இடுப்பு தாங்கும். தோள்வார்களின் வேலை பையைச் சாயாமல் பிடிப்பதுதான். கனமான பொருள்களை முதுகை ஒட்டி, நடுப்பகுதியில் அடுக்குங்கள்.

பல நாள் நடைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது நடைப்பயணிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. அதில் ரைஃபிளுக்கு 4 கிலோ போனால் மிச்சம் 8 கிலோதான். கூடாரம், தூக்கப்பை, அடுப்பு, உணவு எல்லாம் அதற்குள் அடங்காது. ஆகவே துப்பாக்கி ஏந்துபவரின் பங்கைக் குழுவில் மற்றவர்கள் பிரித்துக்கொள்வதே நியாயம்.

முதலில் வெளிச்சம், கடைசியில் குண்டு

ஸ்வால்பார்டில் 1973 முதல் பனிக்கரடி வேட்டைக்குத் தடை இருக்கிறது. தற்காப்புக்காகச் சுட்டாலும் விசாரணை உண்டு. 2025 தொடக்கத்திலிருந்து கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரடி நெருங்கினால் முதலில் விலகிச் செல்ல வேண்டும். அதற்கும் வழியில்லை என்றால், சத்தமும் வெளிச்சமும் எழுப்பும் ஃபிளேர் துப்பாக்கியால் விரட்ட வேண்டும். ரைஃபிள் கடைசி வழி. அதனால் ஃபிளேர் துப்பாக்கிதான் கைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அது பையின் அடியில் கிடந்தால், மனிதர் பிழைக்கக் கரடி சாக வேண்டிவரும்.

அதை இடுப்பில் மாட்டலாம் என்று தோன்றும். ஆனால் பையின் இடுப்புப் பட்டையும் அதே இடத்தில்தான் உட்காரும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு எலும்பு புண்ணாகும். பையின் பட்டையிலேயே மாட்டினாலோ, பையை இறக்கியதும் அதுவும் கீழே போய்விடும். உடலோடு இருக்கும் தனி மார்புப் பையோ, மேலாடையின் வெளிப் பாக்கெட்டோ நல்லது. ரைஃபிளுக்கும் இதே விதிதான். பையைக் கழற்றாமல், கையுறையோடு, சில நொடிகளில் அது கைக்கு வர வேண்டும். தேநீருக்கு உட்காரும்போது பை கீழே போகலாம், ரைஃபிள் உங்களோடு இருக்க வேண்டும். ஊருக்குள் வந்துவிட்டால் குண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

புறப்படுமுன் புக்கிட் தீமா

சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. அடிப்படை ராணுவப் பயிற்சியின் நிறைவில் 24 கிலோமீட்டர் நடந்தவர்களின் தோளுக்கு, வார் எங்கே அறுக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அங்கே பழகிய எஸ்ஏஆர் 21 வேறு. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் மவுசர் வேறு. பயிற்சி இல்லாத கையில் அது யாருக்கும் பாதுகாப்பு தராது.

பையை மட்டும் இங்கேயே சோதித்துவிடலாம். புக்கிட் தீமா குன்றிலோ பினாங்கு கொடிமலையிலோ 8 கிலோ பையோடு, தண்ணீர்ப் போத்தல்களில் இன்னும் 4 கிலோ சேர்த்து ஏறிப் பாருங்கள். ரைஃபிளின் நீளத்துக்கு ஒரு நீளக் குடை போதும். பொம்மைத் துப்பாக்கி வேண்டாம். இரு நாட்டிலும் அது உங்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லக்கூடும். இரண்டு மணி நேரம் நடந்த பின் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான்.

முதல் முறை போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. லாங்யியர்பியனில் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு செல்லும் ஒருநாள் நடைகள் நிறைய நடக்கின்றன. சொந்தத் துப்பாக்கி உரிமம் இல்லாதவர் வாடகைக்கு எடுக்க ஆளுநரிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். வழிகாட்டி இருந்தால் அந்த வேலையும் மிச்சம், அந்த 4 கிலோவும் மிச்சம். மதிய உணவு, தண்ணீர், ஒரு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு அடங்கும் 25 லிட்டர் பை போதும். அதிலும் இடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.