பன்னிரண்டு வருஷத் தவணை

கடன் வாங்கினவன் தவணை தப்பினால் வட்டி ஏறும். சிநேகிதத்தில் தவணை தப்பினால் என்ன ஏறும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்கு நாற்பத்தெட்டு வருஷங்கள் ஆயின.

1968-ஆம் வருஷம் கும்பகோணத்தில் மகாமகம். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி., அதாவது பழைய கணக்குப்படி பதினோராம் வகுப்பு. எங்கள் பள்ளிச் சாரணர் படையைக் குளக்கரையில் தொண்டு செய்ய அனுப்பினார்கள். காக்கி நிஜாரும் கழுத்தில் ஊதலுமாக நானும் என் சிநேகிதனும் வடகரையில் நின்றோம். அவன் பாத்திரப் பட்டறைக்காரர் மகன். பித்தளை துலக்குகிற புளியின் வாசனை அவன் சட்டையை விட்டுப் போகவே போகாது. கணக்கில் அவன் புலி, நான் எலி. அவன் நோட்டைப் பார்த்துத்தான் நான் வீட்டுக்கணக்கு எழுதினேன் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

"குரு ராசி மண்டலத்தைச் சுற்றிவர ஏறக்குறையப் பன்னிரண்டு வருஷம். அவர் சிம்மத்தில் இருக்கும்போது வருகிற மாசி மகம்தான் மகாமகம். அப்படியென்றால் அடுத்தது 1980. எங்கே இருந்தாலும் இதே மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும்டா" என்றான் அவன். குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். இடம் மாறிவிடக் கூடாதே என்று, மூலையிலிருந்து எண்ணி மனத்தில் குறித்துக்கொண்டோம். கையடித்துச் சத்தியமும் ஆயிற்று.

1980-இல் நான் பம்பாயில் குமாஸ்தா. லீவு கிடைக்கவில்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாஸ்தவத்தில் நான் லீவு கேட்கவேயில்லை. கதைகள் பத்திரிகையில் வரத் தொடங்கிய சமயம். பிள்ளை வயதுச் சத்தியம் அவனுக்கு மட்டும் நினைவிருக்கப் போகிறதா என்று எண்ணிக்கொண்டேன்.

1992-இல் போனேன். கூட்டத்தில் குளத்தை நெருங்கவே முடியவில்லை. அன்றைய நெரிசலில் நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். மறுநாள் பத்திரிகையில் இறந்தவர்களின் பெயர்களை விரல் வைத்துப் படித்தேன். அவன் பெயர் இல்லை. அந்த நிம்மதிக்கு நடுவில்தான் எனக்கு உறைத்தது: அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்பதுகூட எனக்குத் தெரியாது! பட்டறை இருந்த தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு ஜவுளிக்கடை இருந்தது. யாரையும் விசாரிக்காமல் ரயிலேறிவிட்டேன்.

2004-இல் முழங்கால் வலி என்று ஒரு சாக்கு. 2016-இல் சாக்குகள் தீர்ந்துபோயின. மண்டபத்தில் பகல் முழுதும் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்திநேரத்தில் பக்கத்துப் பாத்திரக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பட்டறைக்காரர் பெண்ணா? பின்தெருவில்தானே இருக்கிறார்கள்!" என்றார் கடைக்காரர். இருபத்துநான்கு வருஷத்துக்கு முன்பே இந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கலாம்.

அவனுடைய அக்கா என்னைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். "நோட்டு வாங்க வருவியே, நீயா தம்பி?" என்றாள். பிறகு மெள்ளச் சொன்னாள்: "எண்பதிலே பிலாயிலேருந்து வந்தான். காலையிலே போனவன் பொழுது சாயற வரைக்கும் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தான். நான்தான் தூக்கிலே சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்கும் சேர்த்துத்தான் கட்டச் சொன்னான்."

நான் தலை குனிந்து நின்றேன். உள்ளே போய் ஒரு டெலிபோன் நம்பரை எழுதிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

பித்தளையை விட்டு எஃகு ஆலைக்குப் போய், அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டவன் குரல் கம்மியிருந்தது. "யாரு, நோட்டுத் திருடனா?" என்றான். அப்புறம் இருவருக்கும் பேச்சு எழவில்லை. கடைசியில் அவனே, "உன் பங்குச் சோத்தையும் நானே சாப்பிட்டுட்டேன்டா" என்றான்.

"அடுத்த மகாமகம் 2028" என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"கணக்கிலே நீ இன்னும் எலிதான். மாசி மகம் வருஷா வருஷம் வருதே!"

அப்படியே 2017 முதல் வருஷந்தோறும் சந்திக்கிறோம். தொற்றுக்கு அஞ்சி 2021-இல் மட்டும் டெலிபோனோடு நிறுத்திக்கொண்டோம். தூக்கில் சோறு கொண்டுவருவது என் பொறுப்பு. புளிச்சோறுதான் வேண்டும் என்பான். வட்டி அப்படித்தான் கழிகிறது.