தரும்புரி

தருமபுரிப் பேருந்து நிலையத்தில் ஒகேனக்கல் வண்டிக்காகக் காத்திருந்த நேற்றைய மாலையில், கைப்பேசித் திரையின் தமிழ் 99 விசைப்பலகையில் அண்ணனுக்கு ஊர்ப்பெயரைத் தட்டியபோது, ‘தரும்புரி’ என்று விழுந்த விசித்திரத்தைக் கவனியாமலே அனுப்பிவிட்டேன். கணினிக்கென வகுக்கப்பெற்று, 1999இல் தமிழக அரசின் அங்கீகாரம் பெற்ற அவ்விசைப்பலகை, உயிரெழுத்துக்களை இடப்புறமும் மெய்களைப் பெரும்பாலும் வலப்புறமும் வைத்திருப்பதால், இன்று நம் இரு கட்டைவிரல்களுக்கும் மாறி மாறி வேலை கொடுப்பதோடு, மகரத்தை அடுத்து மகரமோ பகரமோ வந்தால் தானே புள்ளியிட்டுவிடும் சாமர்த்தியமும் உடையது. ‘அம்மா’வுக்கு நான்கே தட்டல்கள் போதும். அந்தச் சாமர்த்தியமே எங்கள் ஊருக்கு விபரீதமாயிற்று! மகரத்தின்பின் ஓர் அகரத்தைத் தட்டிவிட்டால் புள்ளி விழாது என்பது எனக்குத் தெரியாத விஷயமன்று, அவசரத்தில் மறந்தேன். கும்பகோணத்தாருக்கு இந்தச் சிரமமில்லை, பாக்கியவான்கள். வண்டி புறப்படுகையில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது: “அது எந்த ஊருடா?”